உங்க ரோட்டுல ஜீப்ரா கிராசிங், ஸ்பீட் பிரேக்கர், நடக்கற சிக்னல் கேட்டு வாங்கறது எப்படி? சென்னைக்காரங்களுக்கு ஸ்டெப் ஸ்டெப்பா

சென்னைல ஸ்கூல் வாசல்லயோ மார்க்கெட் முன்னாடியோ பஸ் ஸ்டாப் பக்கத்துலயோ தினமும் கைய நீட்டிக்கிட்டே உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ரோடு கிராஸ் பண்றவங்களுக்காக இதை எழுதறேன். எங்க ஏரியா ஸ்கூல் முன்னாடி ஒரு ஒழுங்கான கிராசிங் வர்றதுக்குள்ள எங்க குடியிருப்போர் சங்கத்துல நாலஞ்சு பேருக்கு செருப்பு தேஞ்சு போச்சு, கடைசில வேலை நடந்துச்சு, ஆனா அந்த அலைச்சல்ல பாதிக்கு மேல தேவையே இல்லாதது, யார்கிட்ட எந்த பேப்பரக் குடுக்கணும்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா மிச்சமாயிருக்கும்.

முதல்லயே ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. ஒரு கிராசிங்குக்கு ஒரே ஓனர் கிடையாது. தார் ரோடு ஒருத்தரோடது, சிக்னல் இன்னொருத்தரோடது, பஸ் ஸ்டாப் வேற ஒருத்தரோடது, பிளாட்பாரத்துல நடுவுல நிக்கிற இரும்புப் பெட்டி ஈபியோடது. நீங்க ஒரே மனுவுல எல்லாத்தையும் எழுதி ஒரே இடத்துல குடுத்தா அவங்க "இது எங்களோடது இல்ல"ன்னு ஒரு வரியில முடிச்சிருவாங்க, அது பொய்யும் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் அவங்க கையில இருக்கறத மட்டும் கேக்கணும்.

1. ரோடு யாரோடதுன்னு முதல்ல கண்டுபிடிங்க

சென்னைக்குள்ள இருக்குதுன்னா மாநகராட்சி ரோடுன்னு நினைக்காதீங்க. தெரு உள்ள இருக்கற உட்புறச் சாலை எல்லாம் மாநகராட்சியோட மண்டல ஆபீஸ் பாத்துக்கும். பஸ் ஓடற மாநகராட்சி ரோடா இருந்தா ரிப்பன் மாளிகைல இருக்கற பேருந்து சாலைகள் துறை பாக்கும், அதுக்கு வார்டு இஞ்சினியர் நினைச்சாலும் எஸ்டிமேட் போட முடியாது. அண்ணா சாலை, கோயம்பேடு பக்கம் போற நூறடி ரோடு மாதிரி பெரிய ரோடெல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறை. ஓஎம்ஆர்னா தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், அதாவது டிஎன்ஆர்டிசி. மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலைக்கு பேரிகேட் போட்டு அடைச்சிருக்கற இடம்னா, அந்த பேரிகேட் ஓரமா ஜனங்க நடக்க வழி விடறது பத்தி சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம், அதாவது சிஎம்ஆர்எல் கிட்டதான் கேக்கணும்.

தெருமுனையில மாநகராட்சி பெயர்ப் பலகை இருக்கேன்னு அதை வச்சு முடிவு பண்ணாதீங்க, அது நெடுஞ்சாலைத் துறை ரோட்டுலயும் இருக்கும். கிலோமீட்டர் கல்லு எங்கயாவது தப்பிச்சு நின்னா பாருங்க, மேல மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. கல்லு இல்லைன்னா சுலபமான வழி, மாநகராட்சியோட புகார் நம்பர் 1913க்கு போன் பண்ணி சின்னதா ஒரு புகார், "இந்த இடத்துல ஜீப்ரா கோடு அழிஞ்சு போச்சு"ன்னு மட்டும் பதிவு பண்ணுங்க. நம்ம சென்னை ஆப்லயும் பண்ணலாம். அவங்க ரோடா இருந்தா சம்பந்தப்பட்ட இஞ்சினியருக்குப் போகும், இல்லைன்னா எந்தத் துறைன்னு பதில்ல வரும். அந்த புகார் நம்பரை எழுதி வச்சுக்குங்க, பின்னாடி மனுவுல போட உதவும்.

மாநகராட்சி ரோடுன்னு உறுதியாச்சுன்னா உங்க வார்டு நம்பர் தெரியணும். மொத்தம் 200 வார்டு, அதை மண்டலங்களா பிரிச்சிருக்காங்க. வார்டுக்கு உதவிப் பொறியாளர், எல்லாரும் ஏ.இ.ன்னுதான் சொல்லுவாங்க. அவருக்கு மேல உதவி செயற்பொறியாளர், அதுக்கு மேல மண்டல செயற்பொறியாளர், மண்டல அலுவலர். சிக்னல், யு டர்ன், ஒன் வே, நோ பார்க்கிங் இதெல்லாம் டிராபிக் போலீஸ், உங்க ஏரியா போக்குவரத்து காவல் ஆய்வாளர்லேந்து ஆரம்பிக்கணும்.

2. என்ன வேணும்னு நீங்களே முடிவு பண்ணிட்டுப் போங்க

"ரோடு ரொம்ப டேஞ்சரா இருக்கு, ஏதாவது பண்ணுங்க"ன்னு போனா ஒண்ணும் நடக்காது. இந்த இடத்துல இது வேணும்னு போகணும்.

வெறும் ஜீப்ரா கோடு: ரெண்டு லேன் ரோடு, வண்டி ஏற்கனவே மெதுவா போற இடம்னா போதும். கோடு ஒவ்வொண்ணும் அரை மீட்டர் அகலம், நடக்கற பாதை ரெண்டுலேந்து நாலு மீட்டர் அகலம் இருக்கணும்னு அளவு இருக்கு. ஆனா நாலு லேன் ரோட்டுல, வண்டி பறக்கற இடத்துல கோடு மட்டும் போட்டா அது இன்னும் மோசம். ஒரு கார்காரன் நல்ல மனசோட நிறுத்துவான், பக்கத்து லேன்ல வர்ற பைக்குக்கு ஆள் நடக்கறதே தெரியாது, வந்து அடிச்சிருவான். அந்த மாதிரி ரோட்டுல கோட்டோட சேத்து வேகத்தைக் குறைக்கற ஏதாவது ஒண்ணும், நடுவுல நின்னு மூச்சு விட மீடியன்ல ஒரு இடமும் கேளுங்க.

மேடான கிராசிங்: டேபிள் டாப்னு சொல்லுவாங்க. ஸ்பீட் பிரேக்கரும் கிராசிங்கும் ஒண்ணா சேந்தது, மேல தட்டையா இருக்கும், பிளாட்பாரத்துலேந்து இறங்காமலே நடந்து அந்தப் பக்கம் போகலாம். ஸ்கூல் வாசலுக்கு என்னைக் கேட்டா இதுதான். வீல்சேருக்கும் நல்லது.

ஸ்பீட் பிரேக்கர்: நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு போட்டிருக்கற அந்த குட்டையான, செங்குத்தான, முதுகெலும்ப ஒடிக்கற மேடு எந்த அளவுலயும் சேராது. ரோடு எப்படிப் போடணும்னு தரம் வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட (ஐஆர்சி) ஐஆர்சி 99 சொல்ற அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறி இறங்கற மாதிரி. 40 மீட்டர் முன்னாடியே எச்சரிக்கை போர்டு. மனுவுலயே இந்த அளவை எழுதிடுங்க, இல்லைன்னா காண்ட்ராக்டர் மிச்சம் இருக்கற தாரைக் கொட்டி ஒரு குன்று கட்டிட்டுப் போயிடுவாரு, பெயின்ட்டும் அடிக்க மாட்டாரு, ராத்திரி அதுல பைக்காரங்க விழுவாங்க.

நடக்கற சிக்னல்: ஏற்கனவே சிக்னல் இருக்கற சந்திப்புல நடக்கறவங்களுக்கு தனி நேரம் கேக்கறது ஒப்பீட்டுல சுலபம். ரோடு நடுவுல புதுசா சிக்னல் கேக்கறது கஷ்டம், அதுக்குத்தான் அடுத்த ஸ்டெப்.

நடைமேம்பாலம் மட்டும் கேக்காதீங்க. இது என் சொந்த கருத்துதான், ஆனா அழுத்தமா சொல்றேன். கோடிக்கணக்குல செலவு, வருஷக்கணக்குல நேரம், கட்டி முடிச்சா முட்டி வலிக்காரங்க, புள்ளத்தாச்சிங்க, மூட்டை தூக்கறவங்க யாரும் ஏற மாட்டாங்க, லிஃப்ட் பழுதாகி நிக்கும், ஜனங்க கீழேதான் கிராஸ் பண்ணுவாங்க, அப்புறம் அவங்க மேலயே குத்தம். சில இடத்துல அதிகாரிங்களே "மேம்பாலம் ப்ரொபோஸ் பண்ணிருக்கோம்"னு சொல்லி உங்க மனுவ ஓரங்கட்டுவாங்க. அப்போ "சரிங்க, அது வர்ற வரைக்கும் தரையில ஒரு கிராசிங் போட்டுக் குடுங்க"ன்னு கேளுங்க.

3. உக்காந்து எண்ணுங்க

எல்லாரும் தாண்டிக் குதிச்சுப் போற ஸ்டெப் இது, ஆனா எங்களுக்கு வேலை நடந்ததே இதனாலதான். மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கற இஞ்சினியர்கிட்ட தினமும் பத்து பேரு "எங்க தெருவுல பிரேக்கர் போடு"ன்னு வர்றாங்க, யாரோட கையிலயும் நம்பர் இருக்காது. நம்பரோட போற மனுவ தூக்கிப் போடறது அவருக்குக் கஷ்டம்.

ரெண்டு பேரு போதும். ஒருத்தர் கிராஸ் பண்ற ஆளுங்கள எண்ணணும், கிராசிங் வேணும்ற இடத்துலேந்து ரெண்டு பக்கமும் 50 மீட்டருக்குள்ள யாரு கிராஸ் பண்ணாலும் கணக்கு. இன்னொருத்தர் ரெண்டு திசையிலயும் போற வண்டிகள எண்ணணும். நாலு கோடு போட்டு அஞ்சாவது குறுக்கால இழுக்கற பழைய முறைதான். வண்டி ரொம்ப ஜாஸ்தின்னா மாடியிலேந்து போன்ல வீடியோ எடுத்து வீட்டுல மெதுவா ஓட விட்டு எண்ணலாம், ஆனா ஸ்கூல் புள்ளைங்க முகம் தெரியற வீடியோவ குரூப்புல போடாதீங்க.

எப்போ எண்ணறது? செவ்வாய், புதன், வியாழன்ல ஏதாவது ஒரு வேலை நாள், பரீட்சை லீவு இல்லாத வாரம். காலைல 8லேந்து 9, சாயந்தரம் ஸ்கூல் விடற நேரம் ஒரு மணி நேரம். தி.நகர் பக்கம்னா ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்துல எண்ணாதீங்க, "இது சீசன் கூட்டம்"னு ஒரே வார்த்தைல தள்ளிருவாங்க.

இப்போ கணக்கு. ஐஆர்சி 103ன்னு பாதசாரிகளுக்கான வழிகாட்டு நூல் இருக்கு, ரோடு நடுவுல சிக்னல் மாதிரி கட்டுப்பாட்டோட கிராசிங் தேவையான்னு பாக்க அதுல ரொம்ப நாளா ஒரு சூத்திரம் இருக்கு. நெரிசலான ஒரு மணி நேரத்துல கிராஸ் பண்ற ஆளுங்க எண்ணிக்கைய, அதே நேரத்து வண்டி எண்ணிக்கையால ரெண்டு தடவ பெருக்கணும். டிவைடர் இல்லாத ரோடுன்னா வர்ற நம்பர் பத்து கோடியத் தாண்டணும், டிவைடர் இருந்தா இருபது கோடி. உதாரணமா 150 பேரு, 1,200 வண்டின்னா, 150 பெருக்கல் 1,200 பெருக்கல் 1,200, இருபத்தொண்ணு கோடியே அறுபது லட்சம். ரெண்டு அளவையும் தாண்டிருச்சு பாத்தீங்களா. சென்னைல பிஸி ரோடுன்னு சொல்ற எந்த ரோடும் இதை ஈஸியா தாண்டும். இந்தப் பெருக்கல அப்படியே மனுவுல எழுதுங்க.

கூடவே ரோடு அகலத்த அளந்துக்குங்க. டேப் வச்சு நடு ரோட்டுல போய் அளக்க வேணாம், ஞாயித்துக்கிழமை விடிகாலைல காலடியால அளந்தா கூட போதும், இல்ல போன் மேப்ல அளக்கலாம். நடக்கற சிக்னல் ஏற்கனவே இருந்து நேரம் பத்தலைன்னா இது முக்கியம். டிசைன்ல ஒருத்தர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்னு கணக்கு வைப்பாங்க. 18 மீட்டர் ரோடுக்கு 15 விநாடி ஆச்சு. உங்க ஊர் பாட்டி விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பாங்கன்னா 22 விநாடிக்கு மேல வேணும். பச்சை எத்தனை விநாடி எரியுதுன்னு போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் குடுங்க. சிக்னல் நேரம் மாத்தறதுக்கு டெண்டர், எஸ்டிமேட் எதுவும் வேணாம், அதனால இது சீக்கிரம் நடக்கற வேலை, இதுலேந்தே ஆரம்பிக்கலாம்.

4. பேப்பர் செட் தயார் பண்ணுங்க

ஒரு செட்டுல இவ்வளவுதான்: ஒரு பக்க மனு, எண்ணின கணக்கு ஒரு பக்கம், கையால போட்ட ஸ்கெட்ச், நாலு போட்டோ, கையெழுத்துப் பட்டியல்.

ஸ்கெட்ச்ல ஸ்கூல் கேட், பஸ் ஸ்டாப், தெருவிளக்குக் கம்பம், பக்கத்து சந்து எல்லாம் எவ்வளவு தூரம்னு குறிச்சிருக்கணும். அழகா இருக்கணும்னு அவசியமில்ல. போட்டோ பகல்ல ரெண்டு, ராத்திரி ரெண்டு, ராத்திரி போட்டோ கண்டிப்பா வேணும், விளக்கு இல்லாத கிராசிங்னு அதுலதான் தெரியும். போட்டோல தேதி விழற மாதிரி எடுங்க. கையெழுத்து நூறு பேருகிட்ட வாங்கறதை விட ஸ்கூல் ஹெச்.எம். லெட்டர்பேடுல ஒரு லெட்டர் வாங்கிட்டா வெயிட் ஜாஸ்தி. ஆஸ்பத்திரி, கோயில், மசூதி, சர்ச் எது பக்கத்துல இருந்தாலும் அவங்ககிட்டயும் ஒண்ணு. வீல்சேர்ல போறவங்க யாராவது இருந்தா அவங்க பேர்ல தனி மனு போடுங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது வேற மாதிரி மதிப்பு.

மனு மாதிரி இது, அப்படியே எடுத்துக்குங்க:

"பொருள்: ........ சாலையில் ........ பள்ளி வாயில் எதிரே பாதசாரிகள் கடக்க மேடான கடவையும் எச்சரிக்கைப் பலகையும் அமைத்துத் தர வேண்டுதல்.

ஐயா / அம்மா, மேற்கண்ட இடத்தில் ........ தேதி காலை 8 மணி முதல் 9 மணி வரை ........ பேர் சாலையைக் கடந்தனர், அதே நேரத்தில்........ வாகனங்கள் சென்றன. ஐஆர்சி 103 கணக்கின்படி இதன் மதிப்பு ........ ஆகும். இரு புறமும் ........ மீட்டர் தூரத்துக்குள் வேறு கடவை இல்லை. எனவே இணைப்பில் குறித்துள்ள இடத்தில் ஐஆர்சி 99 அளவின்படி மேடான கடவை, எச்சரிக்கைப் பலகை, தெருவிளக்கு ஆகியவற்றை அமைத்துத் தருமாறும், இடத்தை நேரில் பார்வையிடும் தேதியை எங்களுக்குத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

அவ்வளவுதான். "அதிகாரிகளின் மெத்தனப் போக்கு" மாதிரி வரிய எல்லாம் எழுதாதீங்க, அதைப் படிச்சதுமே மனசு மூடிக்கும். சட்டம் சேக்கணும்னா ஒரே ஒரு வரி: பயன்படுத்தக்கூடிய நடைபாதை கிடைக்கறது அரசியலமைப்போட 21வது பிரிவுல வர்ற உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2025 மே மாசம் சொல்லிருக்கு, கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் போட்ட வழக்குல. மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, டிசைன் தரத்தைப் பின்பற்றாம ரோடு போட்டு அதனால உயிர்ச்சேதம், ஊனம் ஆனா பொறுப்பானவங்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம், ஆனா முதல் மனுலயே இதை நீட்டி மிரட்டாதீங்க, பின்னாடிக்கு வச்சுக்குங்க. குடியிருப்புத் தெருவுன்னா 30 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு சென்னை டிராபிக் போலீஸ் 2023லயே வேக வரம்பு கொண்டு வந்திருக்காங்க, அதை போலீசுக்குப் போற மனுல சேருங்க.

5. எங்க குடுக்கறது, சீல் எப்படி வாங்கறது

ஒரே நாள்ல, ஒரே தேதி போட்டு ரெண்டு மனு: ஒண்ணு ரோட்டுக்காரங்களுக்கு, ஒண்ணு டிராபிக் இன்ஸ்பெக்டருக்கு. ஏன்னா ஸ்பீட் பிரேக்கரோ கிராசிங்கோ போடறது ரோட்டுக்காரங்க, ஆனா அந்த இடத்துல போடலாமான்னு டிராபிக் போலீஸ் சம்மதம் கேப்பாங்க. மாநகராட்சி "போலீஸ் என்ஓசி (ஆட்சேபனை இல்லைங்கற கடிதம்) வரல"ன்னும் போலீஸ் "மாநகராட்சிலேந்து எங்களுக்கு ஒண்ணும் வரல"ன்னும் சொல்லி நடுவுல நீங்க பந்து மாதிரி உருளாம இருக்க இதான் வழி. ஒரு மனுவோட நகல் இன்னொருத்தருக்கு போகுதுன்னு அடியில எழுதிடுங்க.

நேர்ல போய் தபால் பிரிவுல குடுங்க, உங்க நகல்ல தேதியோட சீல் போட்டு வாங்காம நகராதீங்க. "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்"னு இன்முகமா சொல்ற இடத்துலதான் பேப்பர் காணாமப் போகும். எங்களுக்கு ஒரு ஆபீஸ்ல அப்படித்தான் ஆச்சு, எந்த ஆபீஸ்னு சொல்லல, முதல் மனு போன இடமே தெரியல. சீல் போட மாட்டேன்னு சொன்னா சண்டை வேணாம், வெளிய வந்து போஸ்ட் ஆபீஸ் போய் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, டெலிவரி ஆனதும் டிராக்கிங் பக்கத்த பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க.

பஸ் ஸ்டாப் சந்திப்போட வாயிலயே இருந்து, பஸ் நின்னா பின்னாடி வர்ற வண்டி தெரியாம ஜனங்க அடிபடறாங்கன்னா, ஸ்டாப்ப தள்ளி வைக்கச் சொல்லி மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு தனி மனு. பிளாட்பாரத்துல பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்பார்மர்னா உங்க பகுதி ஈபி உதவிப் பொறியாளருக்கு.

கவுன்சிலரப் பாக்கணுமா? பாக்கணும். ஆனா மனு குடுத்து சீல் வாங்கினதுக்கு அப்புறம். அவங்க கையில வார்டுக்குன்னு நிதி இருக்கு, ஏ.இ.கிட்ட போன்ல பேசினா எஸ்டிமேட் நகரும். ஏரியா சபை கூட்டம் நடந்தா உங்க கோரிக்கைய தீர்மானத்துல எழுத வையுங்க. எம்எல்ஏவுக்கு தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு மூணு கோடி, பிளாட்பாரம் மாதிரி பெரிய வேலைக்கு அங்க கேக்கலாம்.

6. சைட்டுக்கு வரும்போது நீங்களும் அங்க இருங்க

இஞ்சினியரோ எஸ்ஐயோ பாக்க வர்றது பெரும்பாலும் மத்தியானம் 12 மணிக்கு, ரோடு காலியா இருக்கும், "இங்க என்னங்க பிரச்சினை"ன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. முன்னாடியே கெஞ்சி ஸ்கூல் விடற நேரத்துக்கு வர வையுங்க. பத்து பேரு கூட்டமா நிக்காதீங்க, ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் வயசானவங்களா இருக்கட்டும்.

அன்னைக்கு எதிர்ப்பும் வரும். எதிர்க்கடைக்காரர் "கஸ்டமர் வண்டி எங்க நிறுத்தறது"ம்பாரு, ஒருத்தர் "ஆம்புலன்ஸ் போக முடியாது"ம்பாரு. கடைக்காரங்ககிட்ட முன்கூட்டியே போய்ப் பேசி வச்சுடறது நல்லது, கிராசிங் வந்தா எதிர்ப்பக்கத்து ஆளுங்களும் கடைக்கு வருவாங்கன்னு சொன்னா பாதி பேரு ஒத்துக்கறாங்க. ஆம்புலன்ஸ் விஷயத்துக்கு, ஐஆர்சி அளவுல போட்டா தூக்கிப் போடாது, நம்ம ஊர் குன்றுதான் தூக்கிப் போடும்னு சொல்லுங்க.

எங்க போடணும்னு சாக்பீஸால ரோட்டோரம் குறிச்சுட்டுப் போகச் சொல்லுங்க. இல்லைன்னா வேலை அன்னைக்கு வர்ற ஆளு வசதியா இருக்கற இடத்துல போட்டுட்டுப் போவாரு, ஒரு கடை வாசல்ல, ஜனங்க கிராஸ் பண்ற இடத்துலேந்து முப்பது மீட்டர் தள்ளி. முப்பது மீட்டர் யாரும் சுத்திப் போக மாட்டாங்க.

7. ஒரு மாசம் ஆகியும் சத்தமே இல்லைன்னா

முதல்ல 1100, முதல்வரின் முகவரிங்கற மாநில அரசோட புகார் நம்பர். உங்க மனு சீல் தேதி, 1913 புகார் நம்பர் ரெண்டையும் சொல்லி பதிவு பண்ணுங்க. ஜாக்கிரதை, ஆன்லைன் புகார்ல "நடவடிக்கை எடுக்கப்பட்டது"ன்னு மெசேஜ் வந்து புகார் மூடப்படலாம், ரோட்டுல ஒண்ணும் நடந்திருக்காது. அன்னைக்கே அந்த இடத்துல போய் தேதியோட போட்டோ எடுத்து மறுபடி திறக்கச் சொல்லுங்க, நாள் தள்ளினா புதுப் புகாரா ஆகிடும்.

அதுக்கும் அசையலைன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் துறையோட பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழ்லயே எழுதலாம். 30 நாள்ல பதில் தரணும். நகலுக்கு பக்கத்துக்கு ரெண்டு ரூபா. "ஏன் போடல"ன்னு கேக்காதீங்க, ஏன்னு கேட்டா அது தகவல் இல்லைன்னு திருப்பிருவாங்க. இப்படிக் கேளுங்க:

அ) ........ தேதி நான் குடுத்த மனு இப்போ எந்த அலுவலர் மேசைல இருக்கு, அதுமேல எழுதப்பட்ட குறிப்புகளோட நகல்.
ஆ) இந்த இடத்துக்கு எஸ்டிமேட் போட்டிருந்தா அதோட நகல்.
இ) இந்த ரோட்டுல கடைசியா கோடு போட்ட தேதி, தொகை, காண்ட்ராக்ட் பராமரிப்புக் காலம் முடியற தேதி.

போலீசுக்கு தனியா: கடந்த மூணு வருஷத்துல இந்த ரோட்டுல, இந்த ரெண்டு சந்திப்புக்கு நடுவுல, பாதசாரிகள் அடிபட்டதா பதிவான வழக்கு எத்தனை, தேதி, நேரம். பேரு, முகவரி கேக்காதீங்க, அதைக் காட்டியே மொத்தத்தையும் மறுப்பாங்க. விபத்து விவரமெல்லாம் இப்போ கம்ப்யூட்டர்ல ஏறுது, அதனால "தொகுக்கப்படவில்லை"ன்னு பதில் வந்தா முதல் மேல்முறையீடு போடுங்க, அதுக்கு 30 நாள் டைம். அதுக்கப்புறமும் இல்லைன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம், ஆனா அங்க போனா மாசக்கணக்கு, நடைமுறைல கேள்வி போனதுமே ஃபைல் அசைய ஆரம்பிக்கும், அதான் லாபம்.

ஒண்ணு கவனிங்க. சில பேரு "இது பிளாக் ஸ்பாட் (அடிக்கடி விபத்து நடக்கற இடம்) லிஸ்ட்ல இல்ல"ன்னு கை விரிப்பாங்க. மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைக்கு வச்ச கணக்குப்படி 500 மீட்டருக்குள்ள மூணு வருஷத்துல உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஆன விபத்து அஞ்சு, இல்ல பத்து சாவு நடந்தாதான் அந்தப் பேரு. உங்க தெரு கிராசிங்குக்கு அந்தப் பேரு வாங்க வேண்டிய அவசியமே இல்லைன்னு நேரா சொல்லுங்க, அதுக்குத்தான் பெருக்கல் கணக்கு இருக்கு.

8. பிளாட்பாரம் தனி வேலை

கிராசிங் மனுவோட இதைக் கலக்காதீங்க. குடியிருப்புப் பகுதில நடக்கற இடம் மட்டும் குறைஞ்சது 1.8 மீட்டர், கடைத்தெருன்னா 2.5 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு ஐஆர்சி 103 சொல்லுது. பிளாட்பாரம் ஒன்றரை அடி உயரத்துல இருந்தா எந்த தாத்தாவும் ஏற மாட்டாரு, ரோட்டுலதான் நடப்பாரு.

ஆக்கிரமிப்புன்னு புகார் குடுக்கும்போது யாரைச் சொல்றோம்னு பாத்துச் சொல்லுங்க. தள்ளுவண்டி, இட்லி கடை அக்காவுக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, உங்க புகாரால அவங்க பொழப்பு போய் அந்த இடத்துல அடுத்த நாளே புல்லட்டும் ஸ்கூட்டரும் நிக்கும். பிளாட்பாரத்தை அதிகமா திங்கறது பைக் பார்க்கிங், வீட்டுக்காரங்க கார் ஏத்த போடற சிமென்ட் சரிவு, ஜெனரேட்டர், கடை போர்டு. இதை போட்டோ எடுத்து வீட்டு நம்பர், கடை இருக்கற இடத்தோட குடுங்க. பைக் ஏறாம இருக்க கம்பி போஸ்ட் போடச் சொன்னா, ஒரு இடைவெளியாவது வீல்சேர் நுழையற அளவுக்கு வேணும்னு எழுதுங்க.

9. எந்த மாசம், எவ்வளவு செலவு

மனுவ குடுக்க நல்ல நேரம் டிசம்பர் கடைசி, ஜனவரி. மாநகராட்சி பட்ஜெட் மார்ச்சுக்குள்ள, நிதியாண்டு ஏப்ரல்ல ஆரம்பம், ஜனவரில எஸ்டிமேட்ல ஏறினாதான் கோடைல வேலை நடக்கும். அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, ரோடு ஈரம், கோடு போடற தெர்மோபிளாஸ்டிக் ஈரத் தார்ல ஒட்டாது, எல்லா இஞ்சினியரும் மோட்டார் பம்பு பின்னாடி ஓடிக்கிட்டு இருப்பாங்க, அப்போ போய் நின்னா எரிஞ்சு விழுவாங்க, அதுல நியாயமும் இருக்கு. தேர்தல் அறிவிச்சு நன்னடத்தை விதி வந்துட்டா புது வேலை எதுவும் ஆரம்பிக்க மாட்டாங்க, அந்த நேரத்த எண்ணறதுக்கும் பேப்பர் தயார் பண்றதுக்கும் வச்சுக்குங்க.

எதிர்பாக்க வேண்டிய காலம், தோராயமா: சிக்னல் நேரம் மாத்தறது, அழிஞ்ச கோட்டை மறுபடி போடறது வாரக்கணக்கு. பிரேக்கர், மேடான கிராசிங் சில மாசம். புது சிக்னல் அரை வருஷத்துக்கு மேல. பிளாட்பாரம் ஒரு பட்ஜெட் வருஷம், சில நேரம் ரெண்டு.

செலவு உங்களுக்கு ஜெராக்ஸ், போட்டோ பிரிண்ட், ஸ்பீட் போஸ்ட், ஆர்டிஐ ஸ்டாம்ப் எல்லாம் சேத்து சில நூறு ரூபாதான். அதுக்கு மேல யாராவது "எஸ்டிமேட் போட", "சைட்டுக்கு வர வண்டி செலவு"ன்னு கேட்டா குடுக்காதீங்க, அப்படி ஒரு கட்டணமே கிடையாது. ஏரியால காசு வசூல் பண்ணி நாமளே சிமென்ட் பிரேக்கர் கட்டிடலாம், நாமளே பெயின்ட் அடிச்சிடலாம்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு. வேணாம். அனுமதி இல்லாம போட்ட மேட்டுல ஒருத்தர் விழுந்தா கேஸ் உங்க மேல, சாதா பெயின்ட் மழைல வழுக்கும், வண்டிக்காரங்க அதை மதிக்கவும் மாட்டாங்க.

10. வேலை நடக்கற அன்னைக்கும் அதுக்கு அப்புறமும்

கோடு பெரும்பாலும் ராத்திரில போடுவாங்க. யாராவது ஒருத்தர் முழிச்சிருந்து சாக்பீஸ் குறி பக்கத்துலதான் போடறாங்களான்னு பாருங்க. அடுத்த நாள் டேப் வச்சு பிரேக்கர் உயரம், அகலம் அளந்து, எச்சரிக்கை போர்டு நட்டாங்களா, ராத்திரி விளக்கு எரியுதான்னு பாத்து, குறை இருந்தா ஒரு வாரத்துக்குள்ள எழுத்துல குடுங்க, பில் பாஸ் ஆகறதுக்கு முன்னாடி குடுத்தா காண்ட்ராக்டரே ஓடி வந்து சரி பண்ணுவாரு. கிராசிங் மேல வண்டி நிக்காம இருக்க அதுக்கு முன்னாடி நிறுத்தக் கோடும் இருக்கணும், பல இடத்துல இதை மறந்துடுவாங்க.

அப்புறம் மெட்ரோ வாட்டர், ஈபி, கேபிள்காரங்க யாராவது வெட்டுவாங்க, ஒட்டுப் போட்டுட்டுப் போவாங்க, கோடு பாதி போயிடும். ரோடு புதுசா போட்டா மொத்தமும் போயிடும். அதனால ரோட்டை சுரண்டற மில்லிங் மெஷின் தெருமுனைல வந்து நிக்குதுன்னா அன்னைக்கே ஏ.இ.க்கு போன் பண்ணி, புது எஸ்டிமேட்ல கிராசிங்கும் கோடும் சேத்திருக்கான்னு கேளுங்க. சேக்கலைன்னா பழைய சீல் போட்ட மனுவோட ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு சாயந்தரத்துக்குள்ள மண்டல ஆபீசுக்குப் போயிடுங்க, தார் போட்டு முடிச்சுட்டா மறுபடி முதல் ஸ்டெப்லேந்துதான்.